கேட்காமல் வைத்திருந்த நாலு குரல்

போனில் வந்ததைப் பார்த்துவிட்டோம் என்று காட்டுகிற நீல டிக்கை எப்படி அணைப்பது என்று எனக்குக் காட்டிக்கொடுத்தவள் எங்கள் பள்ளிக் கணக்கு டீச்சர். பாவம், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. "இங்கன கொடுங்கக்கா" என்று போனை வாங்கினாள், நாலு தட்டுத் தட்டினாள், அரை நிமிஷத்தில் முடிந்தது. அதை வைத்துக்கொண்டு நான் செய்த காரியத்துக்கு என்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

அம்பாசமுத்திரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். வயது ஐம்பத்து நாலு. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது அப்போது. பிள்ளைகள் கிடையாது. கூடப் பிறந்தது ஒரே ஒரு அக்கா, என்னைவிட ஆறு வயது மூத்தவள். மில்லில் வேலை பார்த்த அத்தானைக் கட்டிக்கொண்டு விக்கிரமசிங்கபுரத்துக்குப் போனவள், அங்கேயே இருந்துவிட்டாள். பஸ் ஏறினால் இருபது நிமிஷம். அவளுக்கு ஒரே மகள். அந்தப் பெண் நடக்கப் பழகியது என் வீட்டுக் கூடத்தில்தான். அவளுக்கு நான் சித்தி, ஆனால் எனக்கு அவள் மகள்தான்.

அக்கா எட்டாம் வகுப்போடு நின்றவள். போனில் எழுத்து எழுத்தாகத் தேடி அடிக்க அவளுக்குப் பொறுமை கிடையாது. மைக்கை அமுக்கிப் பிடித்துக்கொண்டு பேசி அனுப்பிவிடுவாள். பேச்சுக்குப் பின்னால் மிக்ஸி ஓடும், குக்கர் கத்தும், அத்தான் எதையாவது காணோம் என்று கேட்பார். அவருக்கும் அதிலேயே பதில் சொல்லிவிட்டு என்னிடம் திரும்புவாள். "ரெண்டு வரியில சொல்ல வேண்டியதுக்கு நாலு நிமிஷமா? உனக்கு வாயா, ரேடியோவா?" என்று கேட்பேன். "நீ படிச்சவ, எழுதுத. எனக்கு வாய்தானட்டி இருக்கு" என்பாள். அவளுக்கு இருந்தது அது ஒன்றுதான் என்று எனக்கு இப்போது தெரிகிறது.

நடந்தது போன வருஷம் ஆடி மாதத்தில். மத்தியானச் சாப்பாட்டு இடைவேளை. ஆசிரியர் அறை மேசையில் எல்லோரும் டப்பாவைத் திறந்து வைத்திருந்தோம். என் போன் நடுவில் கிடந்தது. டிங் என்று சத்தம் வந்து வெளிச்சம் வந்தது. அக்காவிடமிருந்து ஒரு படம். மேலே பிள்ளையார், கீழே மஞ்சளும் சிவப்புமாக எழுத்து. அக்கா மகளின் கல்யாணப் பத்திரிகை.

மாப்பிள்ளை அமைந்தது எனக்குத் தெரியும். பூ வைத்ததற்கு நான்தான் முன்னால் நின்றேன். ஆவணியில் கல்யாணம் என்பதும் தெரியும். ஆனால் பத்திரிகை போனில் வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் பத்திரிகை என்றால் முதலில் சாஸ்தா கோயிலில் வைப்பார்கள். அப்புறம் கூடப் பிறந்தவர்கள் வீடு. புருஷனும் பெண்டாட்டியுமாக வந்து, தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு வைத்து, வாயால் கூப்பிட்டு, கையில் கொடுத்தால்தான் அழைப்பு. தூரத்துச் சொந்தத்துக்கும் கூட வேலை பார்த்தவர்களுக்கும்தான் போன்.

எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த வரலாறு டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டார். "என்ன டீச்சர், கூடப் பொறந்த அக்கா, இங்கன இருக்கிற வி.கே.புரத்துல இருக்காக. போன்லயா பத்திரிகை வைக்காக?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நான் டப்பாவை மூடி ஒதுக்கி வைத்தேன். அந்த அறிவிப்பு மட்டும் என் பைக்குள் வந்திருந்தால், நாலு பேர் முன்னால் வராமல் இருந்திருந்தால், எனக்கு இவ்வளவு சுட்டிருக்காது. எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். அப்படித்தான் தோன்றுகிறது.

படத்தைத் திறந்தேன். மேலே சின்ன அம்புக்குறி. எங்கிருந்தோ வந்ததை அப்படியே தள்ளிவிட்டிருக்கிறாள் என்று அர்த்தம். சரி, ஊருக்கெல்லாம் அனுப்பியதில் எனக்கும் ஒன்று என்று நினைத்தேன். கீழே உற்றார் உறவினர் வரிசை. அத்தான் வீட்டுக் கொழுந்தன்மார், நாத்தனார்மார் எல்லோரும் குடும்பத்தோடு இருந்தார்கள். என் பேர் இல்லை. இரண்டு தடவை வாசித்தேன், இல்லை. நடுவில் ஓர் இடத்தில் மாப்பிள்ளை ஊரைத் தப்பாகப் போட்டிருந்தார்கள். எனக்குத்தான் கண் தானாகப் பிழைக்குப் போகுமே. 'கிடக்கட்டும், ஊர் சிரிக்கட்டும்' என்று விட்டேன்.

ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். வீட்டுக்காரர் போன பிறகு என் வீட்டுக்குப் பத்திரிகையோடு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். குங்குமச் சிமிழ் தட்டில் இருக்கும். அதை என் பக்கம் நீட்டுவதா, விரலால் மூடிக்கொள்வதா என்று அந்தப் பெண்கள் படுகிற பாடு இருக்கிறதே, எனக்கே பாவமாக இருக்கும். ஒருத்தி படியிலேயே நின்று கொடுத்துவிட்டுப் போனாள். அதெல்லாம் வெளியாட்கள், நான் துடைத்துப் போட்டுவிட்டேன். அக்காவும் அப்படி நினைத்துவிட்டாளா? அறுத்தவள் வீட்டுக்கு எதற்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், ஒரு படத்தைத் தட்டிவிட்டால் ஆயிற்று என்றா? அதை நினைக்க நினைக்க உடம்பெல்லாம் எரிந்தது.

அந்த எரிச்சலிலேயே இன்னொரு டிங். அக்காவிடமிருந்து ஒரு குரல். நாற்பத்தெட்டு நொடி.

"கேளுங்க டீச்சர், என்ன சொல்லுதாகன்னு பாப்போம்" என்றார் வரலாறு. நான் போனைக் கவிழ்த்துப் போட்டேன். "நான் பாத்தேங்கிறதே அவளுக்குத் தெரியக் கூடாது. அதுக்கு ஏதாவது வழியிருக்கா?" என்று கேட்டேன். அப்போதுதான் கணக்கு டீச்சர் போனை வாங்கியது. நீல டிக்கை அணைத்தாள். கடைசியாக எப்போது பார்த்தேன் என்று காட்டுவதையும் அணைத்தாள். அக்காவின் பேரைச் சத்தமில்லாமல் ஆக்கினாள். "இனிமே நீங்க பாத்தாலும் அவங்களுக்குத் தெரியாது. அவங்க பாத்ததும் உங்களுக்குத் தெரியாது. அது மட்டும் உண்டு" என்றாள். போனைத் திருப்பிக் கொடுக்கும்போது இன்னொன்றும் சொன்னாள். "ஆனா வாய்ஸ் அனுப்பினா மட்டும் கேட்டுராதீங்கக்கா. கேட்டா அங்கன மைக்கு நீலமாயிரும். அதை அணைக்க வழி கிடையாது."

எழுத்தை ஒளிந்து நின்று படிக்கலாம். குரலை ஒளிந்து நின்று கேட்க முடியாது. அப்படி யார் வைத்தார்களோ தெரியாது. அக்காவோ எழுத மாட்டாள், பேசத்தான் செய்வாள். ஆகவே நான் கேட்கவே போவதில்லை என்று முடிவு செய்தேன். அந்த மைக் அவள் போனில் சாம்பல் நிறத்திலேயே கிடக்கட்டும், பார்த்துப் பார்த்துச் சாகட்டும் என்று நினைத்தேன். இந்த வார்த்தையைத்தான் நினைத்தேன். மாற்றி எழுதி நல்லவள் ஆக எனக்கு இஷ்டமில்லை.

அன்று சாயங்காலம் இரண்டு தடவை கூப்பிட்டாள், எடுக்கவில்லை. மறுநாளும் கூப்பிட்டாள். அப்புறம் ஒரு வாரம் ஒன்றுமில்லை. அவளுக்கும் ரோசம் உண்டு, எங்கள் வீட்டுத் தண்ணீர் அப்படி. ஆவணி பிறந்து முதல் வியாழக்கிழமை இன்னொரு குரல் வந்தது. இருபத்திரண்டு நொடி. அதையும் விட்டுவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை பாளையங்கோட்டையில் எங்களுக்குப் பயிற்சி வகுப்பு. காலையிலேயே வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். மத்தியானம் பையிலிருந்து போனை எடுத்தால் அக்காவின் அழைப்பு ஆறு தவறியிருந்தது. சத்தம்தான் இல்லையே, எங்கே தெரியும். தெரிந்திருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து பூட்டைத் திறக்கும்போது எதிர்வீட்டு அம்மாள் வாசலுக்கு வந்தாள்.

"டீச்சரம்மா, உங்க அக்காவும் அத்தானும் வந்தாக. தட்டோட அரைமணி நேரம் உங்க படியில நின்னாக. வெயிலாருக்கு, உள்ள வந்து உக்காருங்கன்னேன், மாட்டேன்னுட்டாக."

"பத்திரிகையைக் குடுத்துட்டுப் போகலியா?"

"நான் வாங்கி வைக்கேன்னு சொன்னேம்மா. பூட்டின வீட்டுக்குப் பத்திரிகை வைக்கப்படாதுன்னு உங்க அத்தான் சொல்லிட்டாக. உங்க அக்கா அழுதுக்கிட்டே போனாக."

அப்போதாவது எனக்கு உறைத்ததா? இல்லை. நான் இல்லாத நேரமாகப் பார்த்து வந்திருக்கிறாள், வந்தேன் என்று ஊருக்குச் சொல்ல ஒரு கணக்குக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அழுதாளாம், என்ன நடிப்பு என்றுகூட நினைத்தேன். பத்துப் பெண்பிள்ளைகளுக்குக் கோனார் உரை இல்லாமல் சங்கப் பாட்டுக்குப் பொருள் சொல்கிறவள் நான். கூடப் பிறந்தவளின் அழுகைக்கு இப்படிப் பொருள் எடுத்தேன்.

கல்யாணத்தன்று காலையில் நாலரைக்கே எழுந்துவிட்டேன். தலைக்குக் குளித்தேன். அக்கா மகளுக்குப் பூ வைத்த அன்று நான் கட்டிய அரக்குப் பட்டை எடுத்துக் கட்டிலில் விரித்தேன். போகத்தான் போகிறாயோ என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டேன். யாராவது வந்து கூப்பிட்டால் போய்விடுவேன் என்றுதான் இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வாசலில் ஒரு கார் வந்து நிற்காதா என்று இரண்டு தடவை எட்டிப் பார்த்தேன். ஆறு நாற்பதுக்குக் குரல் வந்தது. ஒரு நிமிஷம் பன்னிரண்டு நொடி. கட்டைவிரல் அதன் மேலேயே நின்றது. அமுக்கினால் நீலமாகிவிடும். கல்யாண அவசரத்திலும் அவள் அதைப் பார்ப்பாள், தங்கச்சி இறங்கி வந்துவிட்டாள் என்று அத்தானிடம் சொல்வாள். முதலில் அவள்தான் இறங்க வேண்டும். விரலை எடுத்துவிட்டேன்.

ஏழு மணிக்கு அக்கா மகளிடமிருந்து எழுத்தில் வந்தது. "சித்தி நீங்க வரலன்னா நான் மணவறைக்குப் போக மாட்டேன்." அதைத் திறக்காமலே மேலிருந்து இழுத்துப் படித்துக்கொண்டேன். பதில் அனுப்பவில்லை. அவள் மணவறைக்குப் போனாள், போகாமல் என்ன செய்வாள். ஒன்பது மணி தாண்டியதும் பட்டை மடித்து உள்ளே வைத்தேன். கிண்டிய உப்புமாவைக் காக்காய்க்கு வைத்தேன்.

அப்புறம் அக்காவின் பேரைப் பட்டியலிலிருந்தே ஒதுக்கி, கண்ணில் படாத ஓர் அறையில் போட்டுவிட்டேன். அதற்கும் வழி இருக்கிறது அந்தப் போனில். தை மாதம் ஒருநாள் வேறெதையோ தேடும்போது அந்த ஒதுக்கறையைத் திறந்தேன். நாலாவதாக ஒரு குரல் கிடந்தது. ஐந்தே நொடி. ஐந்து நொடியில் என்ன சொல்லியிருப்பாள், திட்டியிருப்பாள் என்று மூடிவிட்டேன். நான் மூடிய அன்றைக்கு அதற்கு ஒன்பது நாள் வயதாகியிருந்தது.

பங்குனியில் அக்கா மகள் கூப்பிட்டாள்.

"சித்தி, அம்மா அடுப்படியில விழுந்துட்டா. பாளையங்கோட்டையில சேத்திருக்கோம். கண்ணு முழிச்சிருக்கா. வாங்க சித்தி."

பள்ளியில் சொல்லிவிட்டுக் கட்டிய சேலையோடு பஸ் ஏறினேன். சேரன்மாதேவி வரைக்கும் நின்றுகொண்டே போனேன், அப்புறம் இடம் கிடைத்தது. போனைக் கையில்தான் வைத்திருந்தேன். அந்த ஒதுக்கறையைத் திறந்து நாலையும் பார்த்தேன். காதில் வைத்துக் கேட்டிருக்கலாம். கோபமெல்லாம் அதற்குள் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. ஆனாலும் கேட்கவில்லை. கண் முழித்திருக்கிறாள் என்றுதானே சொன்னாள், நேரிலேயே போகிறோம், அவள் வாயாலேயே கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பஸ்ஸில் உட்கார்ந்து, முதலில் என்ன சொல்லித் திட்டுவாள், நான் என்ன பதில் சொல்வது என்றெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன்.

கண் முழித்துத்தான் இருந்தாள். வலது பக்கம் விழுந்துவிட்டது. வாய் கோணியிருந்தது. நான் கட்டிலோரம் போய், "அக்கா, நான்தான்" என்றேன். என்னைப் பார்த்தாள். பார்த்தாள் என்றா சொல்ல முடியும், கண் என் பக்கம் இருந்தது. தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது, அதில் வார்த்தை இல்லை. மூளையில் பேச்சு வருகிற இடத்தில்தான் அடைப்பு என்றார் டாக்டர். பேசவும் வராது, நாம் பேசுவது புரிவதும் சந்தேகம், எழுத்தும் அப்படித்தான், இந்த வயதில் திரும்ப வந்தால் அதிர்ஷ்டம் என்றார். நன்றாகத்தான் சொன்னார் மனுஷர், மெதுவாக, புரியும்படியாக. எனக்கு ஓங்கி ஓர் அறை கொடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அத்தான் ஜன்னலோரம் நின்றார். ஏழு மாதத்தில் பத்து வயது கூடியிருந்தார். சட்டைப் பையிலிருந்து அக்காவின் போனை எடுத்து, தேடி, என்னிடம் நீட்டினார். என் பேர் மேலே இருந்தது. கீழே பத்திரிகைப் படம். அதற்குக் கீழே நாலு மைக், நாலும் சாம்பல்.

"தெனமும் காலைல எந்திச்சதும் இதைத்தான் பாப்பா. 'இன்னும் நீலமாகல'ம்பா. விடுளா, அவளுக்குத்தான் வேண்டாம்னு இருக்காளேன்னு நான் சத்தம் போடுவேன். 'அவ கேட்டா வந்துருவா, இன்னும் கேக்கல, அதான் வரல'ன்னு எங்கிட்டயே சண்டைக்கு வருவா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நான் மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் என் மேல் இடித்துக்கொண்டு போனார்கள். என் போனை எடுத்து முதல் குரலை அமுக்கினேன்.

"ஏட்டி, அச்சாபீஸ்காரன் அனுப்பிச்சதை அப்படியே உனக்கு அனுப்பியிருக்கேன், பாத்தியா? இன்னும் அடிக்கல. ஆடி கழியட்டும்னு இருக்கோம். நீ ஒருக்கா பாத்துப் பிழை இருந்தா சொல்லு. நம்ம வீட்டுப் பத்திரிகை என்னைக்கு உன் கண்ணுல படாம அச்சுக்குப் போயிருக்கு? அப்புறம், உன் பேரை நான் போடச் சொல்லல. உன் வீட்டுக்காரர் பேரோட சேத்துப் போடவா, உன் பேரைத் தனியாப் போடவான்னு எனக்குத் தெரியலட்டி. உன்னைக் கேக்காமப் போட்டு உன் மனசு நொந்துட்டா? நீ சொல்லு, அதும்படி போடுதேன். ஏங்க, அந்தப் பாலை இறக்கி வையிங்க."

நாற்பத்தெட்டு நொடி. அவ்வளவுதான் விஷயம். ஆடி மாதத்தில் எங்கள் ஊரில் எவனாவது பத்திரிகை வைப்பானா? மஞ்சளே வாங்க மாட்டார்கள். அது என் மண்டையில் ஏறவில்லை. எங்கள் சொந்தத்தில் எந்தப் பத்திரிகையும் அச்சுக்கு முன்னால் என்னிடம்தான் வரும், இருபத்தைந்து வருஷமாக நான்தான் திருத்திக் கொடுக்கிறேன். அப்போதெல்லாம் நீளத் தாளில் மை காயாமல் வரும், கையில் ஒட்டும். இது போனில் வந்ததால் எனக்கு அது தோன்றவே இல்லை. பிழையைக்கூடக் கண்டுபிடித்தேனே, அதற்காகத்தான் அனுப்பியிருக்கிறாள் என்பது தெரியவில்லையே! என்ன படித்து என்ன புண்ணியம்?

இரண்டாவது. "நீ பதிலே சொல்லல. கோவமா இருக்கியா, இல்ல பள்ளிக்கூட வேலையா? பேரைத் தனியா, முதல்ல போட்டுட்டேன். சாஸ்தாவுக்கு வச்சாச்சு, அடுத்தது உனக்குத்தான். சனிக்கிழமை காலைல வாரோம். வீட்டுல இரி, எங்கனயும் போயிராத."

மூன்றாவதில் நாதஸ்வரம். அதற்கு மேலே அவள் கத்திப் பேசினாள். "ஏட்டி, இப்பவாவது கேளு. கெளம்பி வா. வண்டி அனுப்பலாம்னா உங்க அத்தான் வேண்டாம்கிறாக, அவ பூட்டிட்டுப் போனவன்னு. அவுக கெடக்காக. பெத்தவ எடத்துல நானும் நீயும் சேந்து நிக்கணும்னு எம்புட்டு ஆசையா இருந்தேன். தாலி எடுத்துக் குடுக்க நீ வேணும்னு சம்பந்தி வீட்டுலயும் சொல்லி வச்சிருக்கேன். யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாக, நான் இருக்கேன். நீ எதுக்கும் நெனைக்காத..." அதற்குள் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "வாரேன், வாரேன், எந்தங்கச்சிட்ட பேசிக்கிட்டு இருக்கேன்" என்றாள். அதோடு நின்றது.

நாலாவதை அமுக்க எனக்குக் கை வரவில்லை. அப்புறம் அமுக்கினேன். முதலில் ஒன்றுமில்லை, மில் சங்கு தூரத்தில் ஊதியது. அப்புறம், "ஏட்டி... கேக்கியா?" என்றாள். அவ்வளவுதான்.

கேட்டேன் அக்கா, கேட்டுவிட்டேன் என்று அந்தப் படியில் உட்கார்ந்து சத்தமாகவே சொன்னேன். பக்கத்தில் ஒருவர் எந்த வார்டும்மா என்று கேட்டார்.

உள்ளே ஓடினேன். அத்தான் கையிலிருந்து அவள் போனை வாங்கிப் பார்த்தேன். நாலும் நீலமாகியிருந்தன. அதை அவள் கண்ணுக்கு நேரே பிடித்தேன். "பாருக்கா, கேட்டுட்டேன், நாலையும் கேட்டுட்டேன், நீலமாயிட்டு பாரு" என்றேன். போன் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினாள். இடது கையை மெல்லத் தூக்கி, அதைத் தள்ளிவிட்டாள். கோபத்தில் தள்ளியிருந்தால் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். வெளிச்சம் கூசியது, தள்ளினாள். அதுதான் உண்மை.

அக்காவை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் போகிறேன். தலை வாரிவிடுகிறேன், கஞ்சி ஊட்டுகிறேன். ஊட்டுகிறவள் யார் என்று அவளுக்குத் தெரிகிறதா, தெரியாது. போனில் அணைத்ததை எல்லாம் கணக்கு டீச்சரிடம் கொடுத்துத் திறக்கச் சொன்னேன். என்ன ஏதென்று அவள் கேட்கவில்லை. மற்ற நாளெல்லாம் காலையில் பள்ளிக்குக் கிளம்புமுன் அக்காவுக்குக் குரல் அனுப்ப ஆரம்பித்தேன். இன்று என்ன குழம்பு, எந்தப் பிள்ளை என்ன சேட்டை செய்தது, இப்படி ஏதாவது. நான் அனுப்புவதை அத்தான் அக்கா பக்கத்தில் வைத்துப் போட்டுக் காட்டுவார் என்று நினைத்தேன். டாக்டர்கூடப் பழகின குரலைக் கேட்டால் நல்லது என்று சொல்லியிருந்தார். இரண்டு டிக் விழும். முதல் ஒன்றிரண்டுக்கு நீலமான மைக் அப்புறம் சாம்பலாகவே இருக்கும். சரி, அத்தானுக்குக் கோபம் தீரவில்லை, தீரட்டும் என்று அனுப்பிக்கொண்டே இருந்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் கிளம்பும்போது அத்தான் வாசல்வரை கூட வந்தார். அந்த மனுஷன் அப்படி வந்து எத்தனையோ மாதம் ஆயிற்று.

"தாயி, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கிட மாட்டியே?" என்றார்.

"சொல்லுங்க அத்தான்."

"நீ அனுப்பினா மட்டும் தனியாக் கேக்கணும்னு, உங்க அக்கா மகட்ட சொல்லி ஒரு மணிச் சத்தம் வச்சிருந்தா. வேற யாரு அனுப்பினாலும் அந்தச் சத்தம் வராது. ஏழு மாசமா அது அடிக்கவே இல்லை. இப்ப நீ காலைல அனுப்புதியா, அது அடிக்குதா, அவளுக்கு வேற ஒண்ணுமே தெரியல, எம்பேரு தெரியல, பெத்த பிள்ளையத் தெரியல, அந்தச் சத்தம் மட்டும் தெரியுது. தலையைத் திருப்புதா. எந்திரிக்கப் பாக்கா, முடியல. நான் போட்டுக் காட்டினா அது யாரு பேசுதான்னு வெளங்கல அவளுக்கு. திரும்பத் திரும்ப அந்த மணி அடிச்ச பக்கமே பாத்து, மத்தியானம் வரைக்கும் அழுதா. அதான் நான் இப்ப போடுறது இல்லை." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சத்தத்தை அணைச்சிரலாம்னு மக சொன்னா. அவ ஆசையா வச்சதை அணைக்க எனக்கு மனசு வரல. நீ அனுப்பாத தாயி. நல்லாருப்ப."

சரி அத்தான் என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு வந்தேன்.

அதற்கப்புறம் அனுப்புவதில்லை. ஆனால் பேசாமல் இருக்க முடியவில்லை, என்ன செய்ய. காலையில் மைக்கை அமுக்கிப் பிடித்துக்கொண்டு அவளிடம் பேசுகிறேன். விரலை எடுத்தால் போய்விடும், அங்கே மணி அடித்துவிடும். எடுக்காமல் அப்படியே இடது பக்கம் தள்ளினால் அழிந்துவிடும். குப்பைத்தொட்டிபோல ஒரு சின்னப் படம் வாயைத் திறந்து மூடிக்கொள்ளும். அதையும் கணக்கு டீச்சர்தான் சொல்லிக்கொடுத்தாள்.

இன்று ஒரு நிமிஷம் பதினோரு நொடி பேசினேன். பத்திரிகையில் என் பேரை முதலில் போட்டதற்கு நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லையே என்று, அதைச் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு இடது பக்கம் தள்ளினேன்.